நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பினேன். இரண்டு பால் பாக்கெட்டில் ஒன்று கசிந்திருந்தது. பத்து மணிக்கு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வலது முழங்கால் மாற்று அறுவை அடுத்த திங்கள், பத்தாம் தேதி என்று முடிவாகிவிட்டது. எலும்பு மருத்துவர் மூன்று நிமிடம் பேசினார். பிறகு மயக்க மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். டாக்டர் பெனசீர், மேலப்பாளையத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். வினாத்தாளை முழுக்கப் படித்துவிட்டுப் பேனாவைத் திறக்கும் மாணவி வகுப்புக்கு ஒருத்தி இருப்பாள் அல்லவா, அதுபோல என் ரத்தப் பரிசோதனைத் தாள்களை அவசரமில்லாமல் படித்தார்.

முழு மயக்கம் கிடையாதாம். முதுகுத் தண்டில் ஓர் ஊசி. இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், நான் விழித்துக்கொண்டே இருப்பேன். இதெல்லாம் எனக்குச் சம்மதம்தான். கடைசியாக ஒன்று சொன்னார்.

"அந்த மருந்தோட துளி மார்ஃபினும் சேர்ப்பேன் சார்."

வேண்டாம் என்றேன். ஒவ்வாமை ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை. முன்பு ஏதாவது ஆகியிருக்கிறதா? இல்லை. பிறகு என்ன காரணம் என்று கேட்டபோது, பதினொரு வருடம் பள்ளியில் போதை ஒழிப்பு மன்றப் பொறுப்பாசிரியராக இருந்ததைச் சொன்னேன். ஒவ்வொரு ஜூன் இருபத்தாறாம் தேதியும் ஆயிரம் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி உறுதிமொழி சொல்லவைத்தவன் நான். அவர் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

மரத்துப்போகும் மருந்து மூன்று நான்கு மணி நேரத்தில் விட்டுவிடுமாம். பிறகு வலி வரும். சர்க்கரையால் என் சிறுநீரகம் தளர்ந்திருப்பதால் வழக்கமான வலி மாத்திரைகளைக் கொடுக்க முடியாது. முதல் நாளே எழுந்து நின்று காலை மடக்கினால்தான் புது மூட்டு வசப்படும். வலியோடு மடக்க முடியாது. யோசித்துவிட்டு வியாழக்கிழமை வரச் சொன்னார்.

மதியம் ரசமும் அப்பளமும். மகள் கோமதியிடம் போனில் தேதியை மட்டும் சொன்னேன். சனிக்கிழமை மதுரையிலிருந்து வருகிறாள். தபால் அலுவலகத்தில் இரண்டு வாரம் விடுப்பு கொடுத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி வைக்க வெல்டிங் கடைக்காரர் வந்து அளவெடுத்தார். வழுக்கும் மிதியடிகளைச் சுருட்டிப் பரண் மேல் போடச் சொன்னேன்.

மாலையில் காசிவிஸ்வநாதன் போன் செய்தார். எங்கள் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். இருபத்தாறு வருடம் ஒரே பள்ளியில் இருந்தோம். இன்றைக்கும் அவர் பேசினால் விசில் ஊதியதுபோல இருக்கும்.

"என்ன வே, புது மூட்டு போட்டுட்டு ஓட்டப் பந்தயத்துக்கு வாரீரா?" என்றார். முதலில் நடந்து காட்டுகிறேன் என்றேன்.

அவர் மனைவி செண்பகத்துக்கு மார்பில் வந்த புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது. வலித்தணிப்பு மையத்திலிருந்து ஒரு நர்ஸ் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு மார்ஃபின் மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். சீட்டில் காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை நான்கு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதியிருக்கிறதாம். போன மாதம் காசி பயந்துபோய் என்னிடம் கேட்டார். நான் ஓர் அட்டவணை எழுதிக் கொடுத்தேன். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. எட்டு மணி நேரத்துக்கு ஒன்று.

அது கற்பனையில் வந்த அட்டவணை அல்ல. நாலு வருடம் முன்பு என் மனைவி ஆவுடைக்குக் குடலில் புற்று வந்தபோது நான் கடைப்பிடித்தது. மூன்று மாதம், ஒரு வேளை தவறாமல், கட்டம் போட்டு எழுதிவைத்தேன். ஆரம்பத்தில் ஆவுடை கஷ்டப்பட்டாள். அதை மறைக்கவில்லை. ஆனால் கடைசி மூன்று வாரம் அமைதியாக இருந்தாள். தூங்கினாள். இரண்டு நாள் கூட்டாஞ்சோறுகூடச் சாப்பிட்டாள். எட்டு மணி நேர இடைவெளிக்கு உடம்பு பழகிக்கொண்டது என்று அந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். குறைவாகக் கொடுத்தே வலியை அடக்கலாம் என்பதற்கு அதுதான் என் சான்று.

செண்பகத்துக்கு இன்னும் பழகவில்லை என்றார் காசி. பொறுமையாக இருக்கச் சொன்னேன்.

பிப்ரவரி 5, புதன்

மாடி ஏறவில்லை. துணியைக் கீழேயே காயப்போட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

டாக்டர் பெனசீர் இன்று அரை மணி நேரம் கொடுத்தார். வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். எனக்கே கூச்சமாக இருந்தது.

கணக்கிலிருந்து ஆரம்பித்தோம். மார்ஃபின் மாத்திரை ஒன்றில் பத்து மில்லிகிராம் இருக்கிறது. எனக்கு முதுகில் போடப்போவது நூறு மைக்ரோகிராம். அதாவது அந்த மாத்திரையை நூறு துண்டாக்கினால் அதில் ஒரே ஒரு துண்டு. அவ்வளவு சிறியது ஒரு நாள் முழுக்க எப்படி வேலை செய்யும் என்று கேட்டேன். மாத்திரை வயிற்றுக்குள் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் தண்டுவடத்துக்கு வருகிறது, ஊசி நேராக அங்கேயே போகிறது என்றார். எனக்கு உடனே ஓர் உதாரணம் தோன்றியது. மைதானத்தின் கடைசியில் நிற்கிற பையனைக் கூப்பிட இங்கிருந்து தொண்டை கிழியக் கத்த வேண்டும். பக்கத்தில் போனால் காதில் கிசுகிசுத்தால் போதும்.

இன்னொன்றும் கேட்டேன். ஏற்கெனவே மரத்துப்போகச் செய்யும் மருந்து இருக்கும்போது இது எதற்கு? இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன என்றார். அதை எனக்காக இப்படிப் புரிந்துகொண்டேன். பள்ளி மணியை அடிக்கிறவர் கையைப் பிடித்துக்கொள்வது ஒரு வழி. மணியே அடிக்காது. முதல் மருந்து அப்படித்தான் நரம்பையே நிறுத்திவைக்கிறது, அதனால்தான் காலும் அசையாது. மணியைச் சுற்றி கம்பளியைக் கட்டுவது இன்னொரு வழி. அடிக்கிறவர் அடித்துக்கொண்டே இருப்பார், சத்தம் வகுப்புக்கு வராது. மார்ஃபின் அந்தக் கம்பளி. காலை அசைக்கலாம், தொட்டால் தெரியும், வலி மட்டும் மேலே போகாது. இரண்டையும் சேர்த்தால் ஒவ்வொன்றும் குறைவாகவே போதும். நான் சொன்னதைக் கேட்டு, மாணவர்களுக்கு இதையே சொல்லப்போவதாகச் சொன்னார்.

ஃபென்டனில் என்று அதன் பங்காளி மருந்து ஒன்று இருக்கிறதாம். சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். சின்ன அறுவைக்கு அது போதும். என் முழங்காலுக்கு மெதுவாக வந்து ஒரு நாள் நிற்பதுதான் சரி என்றார்.

தொல்லைகளையும் மறைக்கவில்லை. அரிப்பு வரும், முக்கியமாக மூக்கில். வாந்தி வரலாம். சிறுநீர் அடைக்கலாம். ஆயிரத்தில் ஓரிருவருக்கு மூச்சு மந்தமாகலாம், அதுவும் பல மணி நேரம் கழித்து. அதனால் ஒரு நாள் முழுக்க மணிக்கு ஒரு தடவை என் மூச்சை எண்ணுவார்கள். போதைக்கு அடிமையாவேனா என்று நேராகக் கேட்டேன்.

"வலிக்குன்னு அளவாக் கொடுக்கும்போது அப்படி ஆகுறது ரொம்ப அபூர்வம் சார். வலியே அந்த மருந்தைத் தின்னுரும்."

பிறகு, எங்கள் வீட்டில் யாருக்காவது இந்த மருந்து கொடுத்திருக்கிறோமா என்று கேட்டார். மனைவிக்கு என்றேன். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கேட்டார். எட்டு என்றேன். அவர் தாளில் ஏதோ எழுதினார். சின்ன வார்த்தைதான், ஆனால் வெகுநேரம் எழுதினார். தலையை நிமிர்த்தியபோது வேறு விஷயம் பேசினார்.

சம்மதத் தாளை வீட்டுக்கே கொடுத்துவிட்டார். மார்ஃபினுக்கு மட்டும் தனியாக ஒரு வரி இருக்கிறது. அதற்கு நேரே இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

திரும்பும்போது முருங்கைக்காய் வாங்கினேன்.

பிப்ரவரி 8, சனி

கோமதி வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாகத் தேங்காய் துருவிச் சொதி வைத்தாள். இஞ்சித் துவையலும். ஆவுடை வைப்பதைவிடக் கொஞ்சம் புளிப்பு கூடுதல். சொல்லவில்லை.

சாப்பிட்டுவிட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தவள், கையெழுத்து இல்லாத வரியைப் பார்த்தாள். ஏன் போடவில்லை என்று கேட்டாள். யோசிக்கிறேன் என்றேன். அம்மாவுக்கே குறைத்துத்தான் கொடுத்தேன், எனக்கு மட்டும் எதற்கு என்றேன். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். இரண்டே தட்டுதான். கழுவ வெகுநேரம் ஆனது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. இஞ்சி நறுக்கிய கையால் கண்ணைத் தேய்த்திருப்பாள்.

"போடுங்கப்பா," என்றாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாலை ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. இரண்டாம் மாடி, ஜன்னல் பக்கக் கட்டில். கையெழுத்துப் போட்டுவிட்டேன். சிறுநீரகத்தை உத்தேசித்துத்தான். வேறு வழி இல்லாதபோது போடுவதைக் கொள்கை மாறியதாகச் சொல்ல முடியாது.

பிப்ரவரி 10, திங்கள்

மாலை ஐந்து. எழுத முடிகிறது. வலி இல்லை. மூக்கு அரிக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

நேற்றையதை இன்று எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கு உட்காரவைத்து முதுகை வளைக்கச் சொன்னார்கள். "இறால் மாதிரி வளைங்க சார்," என்றார் டாக்டர் பெனசீர். நான் சைவம், இறால் எப்படி வளையும் என்று தெரியாது என்றேன். "அப்போ கொட்டாங்கச்சி மாதிரி." ஊசி போட்டது எறும்பு கடித்ததுபோலத்தான். பிறகு பாதத்தில் வெந்நீர் ஊற்றியதுபோல ஒரு சூடு ஏறியது. ஐந்து நிமிடத்தில் என் கால்கள் வேறு யாருடையவோ ஆகிவிட்டன. சுத்தியல் சத்தம் கேட்டது. மேசை பழுதுபார்க்கும் தச்சர் பக்கத்து அறையில் இருப்பதுபோல இருந்தது.

மதியம் கால் விரல்கள் அசைந்தன. இப்போது வரும், இப்போது வரும் என்று வலிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மாலையில் பிடித்துத் தூக்கி நிற்கவைத்தார்கள். என் எடை காலில் இறங்குவது தெரிந்தது. வலி தெரியவில்லை. மணிக்கு ஒருமுறை நர்ஸ் வந்து என் மார்பைப் பார்த்துக்கொண்டே கைக்கடிகாரத்தில் மூச்சை எண்ணினார். பதினாறு, பதினைந்து, பதினாறு. மூக்கைச் சொறிந்து சொறிந்து சிவந்துவிட்டது. நான் பேப்பர் படித்தேன். கோமதியிடம் வீட்டு மோட்டாரைப் பற்றிப் பேசினேன். புத்தி தெளிவாக இருந்தது. மிதக்கவில்லை, உளறவில்லை. உலகம் எப்போதும்போல இருந்தது, வலி மட்டும் இல்லை. மார்ஃபின் என்றால் இவ்வளவுதானா?

இன்று மதியம் பன்னிரண்டு மணிவாக்கில் கம்பளி கழன்றது. ஒரு மணிக்கு முழங்கால் முழுக்கத் தெரிந்தது. ஒன்றரைக்குப் போடவேண்டிய ஊசி. தைப்பூசம் என்று பாதிப் பேர் விடுப்பு. நர்ஸ் வந்தபோது இரண்டு இருபது.

ஐம்பது நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோமதி இரண்டு தடவை போய்க் கூப்பிட்டுவிட்டு வந்தாள். அவளைப் பார்த்துக் கத்தினேன் என்று நினைக்கிறேன். முதல் பத்து நிமிடம் நான் அறிவியல் ஆசிரியர். அடுத்த பத்து நிமிடம் நோயாளி. அதற்குப் பிறகு நான் யாருமில்லை, ஒரு முழங்கால்தான் கிடந்தது. மருந்து வரும் என்று எனக்குத் தெரியும். வரப்போகிறது என்று தெரிந்தும் அப்படி.

ஆவுடைக்குக் காலை பத்து மணி மாத்திரையையும் மாலை ஆறு மணி மாத்திரையையும் நான் கொடுக்கவில்லை. பத்திலிருந்து இரண்டு வரை, ஆறிலிருந்து பத்து வரை, நாளுக்கு எட்டு மணி நேரம். அமைதியாக இருந்த கடைசி மூன்று வாரத்தைக் கழித்தாலும் எழுபது நாள்.

பெருக்கமாட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

காலையில் வாக்கர் பிடித்துப் பதினெட்டு அடி நடந்தேன். முழங்கால் அறுபது பாகை மடங்கியது. பிசியோதெரபிப் பெண் பாராட்டினாள்.

பத்து மணிக்குக் காசி வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்து, அவரே உரித்து, முக்கால்வாசியை அவரே சாப்பிட்டார். என் நடையைப் பார்த்துவிட்டு, "லெஃப்ட் ரைட் ஒழுங்கா வைக்கீரா வே, இல்ல பழைய மாதிரி ரெண்டும் லெஃப்ட்டா," என்றார். கோமதி சிரித்தாள்.

பிறகு அவர் குரல் இறங்கியது. செண்பகம் சாப்பிடுவதில்லையாம். காலை பத்து மணிக்கு ஆரம்பிக்கிற முனகல் இரண்டு மணி மாத்திரை வரை நிற்பதில்லை. மாலையிலும் அப்படியே. அந்த நேரத்தில் காசி மாடிக்குப் போய்விடுகிறாராம், கேட்க முடியாமல். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நானும் ஒம்ம அட்டவணப்படிதான் ஒரு மாசமாக் கொடுக்கேன். ஆவுடைக்கு மட்டும் எப்படி வே வேல செஞ்சுது?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். உடம்பு பழகுவதைப் பற்றி ஏதோ சொல்லியிருப்பேன். கோமதி கையில் இருந்த தம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே போனாள். வந்த வார்த்தையை விட்டுவிட்டு அவள் போன வாசலைப் பார்த்தேன். காசி பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

கோமதி திரும்பி வந்து கட்டிலில் என் காலடியில் உட்கார்ந்தாள். காசி மாமாவுக்கு எந்த அட்டவணையைக் கொடுத்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

"அது வேல செய்யலப்பா," என்றாள்.

அவள் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

கடைசி மூன்று வாரம் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். வந்த அன்றைக்கே ஆவுடை அவளிடம் சொல்லியிருக்கிறாள், பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை தாங்க முடியவில்லை என்று. கோமதி தனியாக வலித்தணிப்பு நர்ஸிடம் போய் உண்மையைச் சொன்னாள். நர்ஸ் என்னிடம் பேச வருவதாகச் சொன்னார். ஆவுடை கூடாது என்றுவிட்டாள். அதனால் நர்ஸ் கோமதி கையிலேயே மாத்திரையைக் கொடுத்து, சீட்டில் இருக்கிறபடி கொடுக்கச் சொன்னார். காலை பத்து மணிக்கு நான் வாசகசாலைக்குப் போவேன். மாலை ஆறு மணிக்கு நடக்கப் போவேன். அந்த இரண்டு வேளையும் கோமதி கொடுத்தாள். சரியாக நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. அதனால்தான் ஆவுடை தூங்கினாள். அதனால்தான் கூட்டாஞ்சோறு.

என் நோட்டில் இருக்கிற ஒவ்வொரு கட்டமும் சரி. முடிவு மட்டும் பொய். சோதனைக் குழாயில் நான் பார்க்காத நேரத்தில் இன்னொருவர் வேறொன்றை ஊற்றியிருக்கிறார். எட்டாம் வகுப்புப் பையன் அப்படி எழுதிவந்தால், மறுபடி செய் என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அம்மாதான் வேண்டாம்னா. 'அவுகளுக்குப் பயம் ஜாஸ்தி, அந்த நோட்டுதான் தெம்பு. அத எடுத்துராத'ன்னா."

அந்த மூன்று வாரத்துக்கு முந்தைய எழுபது நாளைப் பற்றி நான்தான் பேச்செடுத்தேன். அது தனக்கும் தெரியாது, தான் இங்கே இல்லை என்றாள். என்னைச் சமாதானப்படுத்தவில்லை. பரவாயில்லை என்று சொல்லவில்லை. அது பரவாயில்லாத விஷயம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் என் காலடியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. அழுதேன். வலிக்கிறதா என்று நர்ஸ் வந்து கேட்டார். ஆமாம் என்றேன்.

அப்போது மணி பன்னிரண்டே கால். செண்பகத்தின் அடுத்த மாத்திரை இரண்டு மணிக்கு. அதுவரை அவள் முனகிக்கொண்டிருப்பாள். போனை எடுத்தேன். காசி பேருந்தில் இருந்தார்.

"காசி, என் அட்டவணை தப்பு. ஆவுடைக்கு அது வேலை செய்யல. கோமதி எனக்குத் தெரியாம இடையில கொடுத்திருக்கா. நர்ஸுக்குப் போன் போடும். சீட்டுல இருக்கிறபடி கொடும்."

பேருந்தின் ஹாரன் கேட்டது. நடத்துநர் ஏதோ நிறுத்தத்தின் பெயரைச் சொன்னார். காசி கடைசியில் பேசினார்.

"நீரு சொன்னீருன்னுதான வே நான் கொடுக்காம இருந்தேன்."

போனை வைத்துவிட்டார்.

பிப்ரவரி 13, வியாழன்

காசி போன் செய்யவில்லை. நான் மூன்று தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. முழங்கால் எழுபது பாகை.

கோமதி அந்த வலித்தணிப்பு மையத்துக்கே போன் செய்து விசாரித்தாள். மற்ற வீட்டு விஷயத்தைச் சொல்லமாட்டோம் என்றார்கள். சரிதான். ஆனால் போனை எடுத்த சிஸ்டர், "உங்க மாமா நேத்து பேருந்துல இருந்தே பேசிட்டாக," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்திருக்கிறார்.

டாக்டர் பெனசீர் பார்க்க வந்தார். அரிப்பு போய்விட்டதா என்று கேட்டார். அவரிடமும் சொல்லிவிட்டேன், எட்டு மணி நேரத்தைப் பற்றி, முழுவதும். போன வியாழக்கிழமை நான் எட்டு என்று சொன்னபோதே தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். தன்னுடைய வாப்பாவுக்கும் சொந்தக்காரர்கள் அப்படித்தான் குறைத்தார்கள் என்றும், அப்போது தான் மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்ததாகவும், தெரிந்தும் பெரியவர்களை எதிர்த்துப் பேச வாய் வரவில்லை என்றும் சொன்னார். பயந்தவர்கள்தான் குறைக்கிறார்கள், கெட்டவர்கள் இல்லை என்றார். பிறகு என் மூட்டைப் பார்த்தார்.

பிப்ரவரி 14, வெள்ளி

வீட்டுக்கு வந்தாயிற்று. கைப்பிடிக் கம்பி நன்றாக நிற்கிறது. மோட்டார் காற்றுப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஏற்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து சரிசெய்தார்.

பீரோவிலிருந்து அந்த நோட்டை எடுக்கச் சொன்னேன். எரிக்க வேண்டாம் என்றாள் கோமதி, அம்மாவின் கடைசி நாட்கள் அதில் இருக்கின்றன என்று. சரி. கடைசி இருபத்தொரு நாளில், காலி விட்டிருந்த பத்து மணிக்கும் ஆறு மணிக்கும் நேராக அவளையே நிரப்பச் சொன்னேன். நினைவிருக்கிற வரை நிரப்பினாள். முந்தைய எழுபது நாளும் காலியாகவே இருக்கின்றன. அவை அப்படித்தான் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 17, திங்கள்

காலை ஏழு மணிக்குக் காசி போன் செய்தார். நலமா என்று கேட்கவில்லை. செய்தி வாசிப்பவரைப்போலச் சொன்னார். மூன்றாம் நாளிலிருந்து முனகல் இல்லை. நர்ஸ் மலச்சிக்கலுக்கும் மருந்து கொடுத்திருக்கிறார். முதல் இரண்டு நாள் நிறையத் தூங்கினாள், காசி பயந்துவிட்டார், விட்டுப்போன தூக்கம்தான் என்று சிஸ்டர் சொன்னார்களாம். நேற்று இட்லி இரண்டு சாப்பிட்டாள். நேற்று மாலை அவர் மாடிக்குப் போகவில்லையாம்.

நான் சரி, சரி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். நடுவிலேயே நிறுத்திவிட்டார்.

"அது பொறவு வே. செண்பகம் பேசணும்னா."

செண்பகத்தின் குரல் மெலிந்திருந்தது, ஆனால் செண்பகத்தின் குரல்தான். "சார், வீட்டுக்கு வந்து ஒரு நாள் என்கூட உக்காரணும் நீங்க. தண்டனை அதுதான்," என்றாள்.

பிப்ரவரி 20, வியாழன்

கோமதி ஊருக்குக் கிளம்புகிறாள். நாளைக்கு விடுப்பு முடிகிறது. பேருந்து நிலையம் வரை போக முடியாது என்றாலும் தெருமுனை வரை வாக்கரோடு நடந்து வழியனுப்பினேன். பேசிக்கொண்டே வந்தவள், சொதியில் புளிப்பு கூடுதலா என்று திடீரென்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றாள். இனிமேல் உடனே சொல்வதாகச் சொன்னேன். நீயும் சொல் என்றேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மாலை நான்கரைக்கு ஆட்டோ பிடித்துக் காசி வீட்டுக்குப் போனேன். புதுக் காலை மடக்கி ஆட்டோவில் ஏறுவது ஒரு வித்தை. டிரைவர் பொறுமைசாலி.

செண்பகம் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. தலை சீவிப் பின்னியிருந்தார்கள். பின்னியது காசி என்று தெரிந்தது, கயிறு திரித்ததுபோல இருந்தது. நோய் போய்விடவில்லை, போகாது. அது மூவருக்கும் தெரியும். ஆனால் அவள் பள்ளி ஆண்டு விழாவில் காசி தடுக்கி விழுந்த கதையை ஆரம்பித்து, மூச்சு வாங்காமல் முடித்தாள். நடுநடுவே காசி மறுத்தார். அவள் விடவில்லை.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். என்னால்தான் ஒரு மாதம் அப்படி இருந்தாய், மன்னித்துக்கொள் என்றேன். அவள் கொஞ்ச நேரம் என் முழங்காலைப் பார்த்தாள்.

"வலிச்சுதா சார் உங்களுக்கு?"

ஐம்பது நிமிடம் என்றேன்.

தலையை ஆட்டினாள். அந்த ஐம்பது நிமிடத்துக்கு மேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நீட்டிய என் காலுக்கு அடியில் ஒரு தலையணை வைக்கும்படி காசியிடம் சொன்னாள்.

சுவர்க் கடிகாரத்தில் ஆறு அடித்தது. காசி எழுந்து அலமாரியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி அவள் உள்ளங்கையில் வைத்தார். மாலை ஆறு மணி மாத்திரை. என் அட்டவணையில் இல்லாத மாத்திரை. தண்ணீர்ச் செம்பு என் பக்கத்து முக்காலியில் இருந்தது. காசி கை நீட்டுவதற்குள் நான் தம்ளரில் ஊற்றிச் செண்பகத்திடம் கொடுத்தேன்.